1858இல் எங்கள் கடை இருந்த இடம்

கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858 தொடக்கத்தில் மதுரையில் எடுத்த படங்களில் ஒன்றுக்குத் திருமலை நாயக்கர் சத்திரத்தின் பக்கத் தாழ்வாரம் என்று பெயர். சத்திரம் என்று அவர் குறிப்பிட்டிருப்பது மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் நம் புது மண்டபத்தைத்தான். ஒரு பக்கமிருந்து வெயில் உள்ளே விழுகிறது. கல் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூரத்துக்குப் போய்ச் சிறுத்துக்கொண்டே போகின்றன. தரை காலி. கடை கிடையாது, ஆள் கிடையாது, ஒரு துணிமூட்டை கூடக் கிடையாது.

அப்படியொரு பக்கத் தாழ்வாரத்தில்தான் எங்கள் அப்பாவின் தையல் கடை இருந்தது. அதனால் இந்தப் படத்தை நான் முதலில் ஒரு கலைப் படைப்பாகப் பார்க்கவில்லை. மெஷின் எங்கே இருந்தது, துணி அடுக்கும் பலகை எங்கே இருந்தது, மத்தியானம் அப்பா படுத்துக்கொள்ளும் கல் எது என்றுதான் கண் தேடியது.

புது மண்டபத்துத் தையல்காரர்கள் சட்டை பேண்ட் தைக்கிறவர்கள் அல்ல. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறவர்களுக்குச் சல்லடம் என்ற குட்டைக் கால்சட்டை, உருமா என்ற தலைப்பாகை, கோயில்களுக்குத் தொம்பை என்ற தொங்கும் துணிக்குழல், குடை, அம்மனுக்குப் பாவாடை, இதெல்லாம்தான் வேலை. பங்குனி பிறந்துவிட்டால் அப்பா ராத்திரி வீட்டுக்கு வர மாட்டார். "அண்ணே, எதிர்சேவைக்கு முன்னாடி கொடுத்துருங்கண்ணே" என்று கிராமத்து ஆட்கள் வந்து நிற்பார்கள். பக்கத்தில் வளையல், பித்தளைப் பாத்திரம், பள்ளிக்கூட நோட்ஸ் விற்கிற கடைகள். எங்கள் கடைத் தூணில் ஒரு யாளி. அதன் தலையும் முன்கால்களும்தான் எனக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழே முழுக்கத் துணி. அந்த மண்டபத்தில் 124 தூண்கள் இருக்கின்றன. அங்கேயே வளர்ந்தும் பெரும்பாலான தூண்களை நான் பாதிதான் பார்த்திருக்கிறேன்.

நான் தையலுக்குப் போகவில்லை. ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டார்க் ரூம் வேலைக்குச் சேர்ந்து, பிலிம் காலம் முடிகிற வரைக்கும் அதிலேயே இருந்தேன். டெவலப்பர், ஹைப்போ வாசனையில் பாதி ஆயுள் போனது. டிரைப் படங்களில் மற்றவர்கள் கவனிக்காத சில விஷயங்கள் எனக்குப் படுவதற்கு அந்த வேலைதான் காரணம்.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிரைப் 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் அதிகாரி. 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊருக்குப் போனபோது போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்ததும் ஹளேபீடு, பேலூர்ப் பக்கம் போய் ஹொய்சாளக் கோயில்களை எடுத்தார். 1855இல் கம்பெனி பர்மாவுக்கு அனுப்பிய தூதுக்குழுவோடு போய் அங்கேயும் எடுத்தார். அந்தச் சமயத்தில் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. பழைய கோயில்களையும் சிற்பங்களையும் ஓவியர்களை வைத்து வரையச் சொன்னால் நாளும் ஆகிறது, பணமும் ஆகிறது, போட்டோ எடுத்தால் துல்லியமாகவும் இருக்குமே என்பதுதான் அது. பம்பாய்ப் பக்கம் தாமஸ் பிக்ஸ் என்ற அதிகாரியை 1855இல் இந்த வேலைக்கு விட்டார்கள். மெட்ராஸ் மாகாணத்துக்கு 1856இல் டிரைப்பை நியமித்தார்கள். வடக்கே 1857 கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரத்தில், அந்த ஆண்டுக் கடைசியில், பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று அந்தப் பயணம்.

அந்த வண்டிகளில் இருந்த சாமான்களை நினைத்தால் எனக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை. அவருடைய பெரிய படங்களின் நெகட்டிவ் கண்ணாடி அல்ல, தாள். பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலத் தாள். சின்ன நெகட்டிவிலிருந்து பெரிய படம் போடும் என்லார்ஜர் இல்லாத காலம், படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ நெகட்டிவும் அவ்வளவு பெரிது, கேமராவும் அதற்கேற்ற பெட்டி. நல்ல மெல்லிய எழுதுதாளில் தேன்மெழுகை உருக்கி ஏற்றுவார்கள். பிறகு அயோடைடு கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். அதற்குமேல் இருட்டில் சில்வர் நைட்ரேட் ஏற்றினால்தான் தாளுக்கு ஒளி படும் குணம் வரும். எடுத்த பிறகு காலிக் அமிலத்தில் போட்டு வைத்தால் மெதுவாக உருவம் ஏறும். கடைசியில் படம் அழியாமல் நிற்க நம் ஹைப்போதான்.

அன்றைக்குக் கண்ணாடியில் எடுக்கிற ஈரக் கொலோடியன் முறையும் வந்திருந்தது. அது இதைவிட வேகம். ஆனால் பூசிய பூச்சு காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். தென்னாட்டு வெயிலில் அதற்குக் கிடைக்கும் நேரம் சில நிமிஷம்தான். மெழுகுத்தாளை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், உடையாது, கனமில்லை. மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போகிறவருக்கு அதுதான் சரி. அதற்குக் கொடுத்த விலை நேரம். வெட்டவெளியிலேயே நிமிஷக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். புது மண்டபத்துக்குள் இருக்கிற வெளிச்சம் எனக்குத் தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்கும் அப்பா மெஷினுக்கு மேலே பல்பு போட்டுத்தான் தைப்பார். அந்த இருட்டில், அந்தத் தாளில், யாளியின் பிடரிமயிர் சுருள் வரைக்கும் அந்த மனிதர் கொண்டுவந்திருக்கிறார். தூணின் நிழல் பக்கத்தில்கூட விவரம் நிற்கிறது. இது எவ்வளவு கஷ்டம் என்று டார்க் ரூமில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, டச்சிங். எங்கள் ஸ்டுடியோவில் கல்யாணப் படத்து நெகட்டிவில் பென்சிலால் அம்மைத் தழும்பை எடுப்போம், வேண்டாத பின்னணியைச் சிவப்பு மையால் அடைப்போம். டிரைப்பும் டச்சிங் செய்திருக்கிறார். அந்தக் காலத் தாளுக்கு நீல ஒளிதான் கண்ணில் படும். அதனால் வானம் வெள்ளையாக வெளிறிவிடும், பச்சை இலையெல்லாம் கறுப்பாக இறங்கிவிடும். அவர் நெகட்டிவ் தாளின் மேல் வண்ணம் தீட்டி வானத்தில் மேகம் வைத்திருக்கிறார், மரத்துக்கு இலை வெளிச்சம் கொடுத்திருக்கிறார். தாளின் நார் அந்தப் பூச்சைக் கரைத்து மென்மையாக்கிவிடுவதால் சட்டென்று தெரியாது. சில படங்களில் கோபுரத்துக்கு மேலே இருக்கும் மேகம் மதுரை வானத்தில் இருந்தது அல்ல, அவர் கையில் பிறந்தது. சிலர் இதை ஏமாற்று என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெறும் ஆவணம் போதும் என்று நினைத்தவர் மேகத்துக்கு மெனக்கெட மாட்டார்.

சரி, ஆட்கள் எங்கே?

நிமிஷக் கணக்கில் திறந்திருக்கிற லென்ஸின் முன்னால் நடந்து போகிறவர் பதிய மாட்டார். நின்று பேசினால் ஒரு புகை மாதிரி விழுவார். ஆகவே ஆளில்லாத தாழ்வாரத்துக்குப் பாதிக் காரணம் தாள். மீதிப் பாதி, கேட்கப்பட்ட வேலை. கட்டடம், சிற்பம், கல்வெட்டு, இவைதான் கம்பெனிக்கு வேண்டியிருந்தது. அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் விளக்குப் போடுகிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் வரவில்லை.

மதுரையில் அவர் எடுத்தவற்றில் என்னை நிறுத்திவைக்கிற படங்கள் இன்னும் சில உண்டு. கோயில் ஆபரணங்களை வெளியே எடுத்துவந்து பரப்பி வைத்து எடுத்த படம் ஒன்று. மீனாட்சியின் நகைகளைத் திருவிழாக் கூட்டத்தில் எம்பி எம்பிப் பார்த்த நமக்கு, அவை அம்மன் இல்லாமல் தனியாகக் கிடப்பதைப் பார்க்க என்னவோ செய்கிறது. அப்புறம் நம் விளக்குத்தூண். கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்டது. இன்றைக்கு நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் நடுவில் அது இருப்பதே தெரியாமல் பஸ் ஏறுகிறோம். நாயக்கர் மகாலையும் எடுத்திருக்கிறார், ஆளுநர் நேப்பியர் காலத்தில் பழுதுபார்ப்பதற்கு முன்னால் அது கிடந்த நிலையில்.

சிற்பங்களுக்கு வருகிறேன். புது மண்டபம் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. நடுப்பகுதித் தூண்களில் நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். தடாதகைப் பிராட்டியாக மீனாட்சி இருக்கிறாள், கயிலையைத் தூக்கும் ராவணன் இருக்கிறான், கரும்பு தின்கிற கல்யானை இருக்கிறது. திருமலை நாயக்கர் தொப்பையும் நகையுமாக, அரசர் என்பதைவிட நம் தெருப் பெரியவர் ஒருவர் சாமி கும்பிட வந்த மாதிரி இருப்பார். அவர் பக்கத்தில் நிற்கும் அரசியின் தொடையைப் பற்றி அப்பா ஒரு கதை சொல்வார், மதுரையில் பலருக்கும் தெரிந்த கதைதான். செதுக்கும்போது ஒரு சில்லு பெயர்ந்துவிட, சிற்பி கலங்கிப் போனாராம். அமைச்சர் நீலகண்ட தீட்சிதர் அது அப்படியே இருக்கட்டும் என்றாராம். அரசிக்கு அங்கே மச்சம் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று மன்னர் சந்தேகப்பட, தீட்சிதர் கற்பூரத்தால் தன் கண்களைப் பொசுக்கிக்கொண்டார் என்று கதை முடியும். அப்பா இதைச் சொல்லும்போது ஊசியில் நூல் கோக்காமல் நிறுத்திவிடுவார்.

லண்டனில் இந்தப் படங்களைப் புரட்டியவர்கள் கையில் கதை இல்லை. கட்டடக்கலை வரலாறு எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் போன்றவர்களுக்குப் போட்டோ பெரிய வரம். ஹளேபீட்டையும் மதுரையையும் ஒரே மேசையில் அருகருகே வைத்துப் பார்க்கலாம், காலவரிசை போடலாம். அந்த வேலையின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தியச் சிற்பம் பழங்காலத்தில் உச்சத்தில் இருந்து, காலம் போகப் போகத் தேய்ந்துகொண்டே வந்தது என்பது பெர்குசனின் கொள்கை. அந்த வரிசையில் நாயக்கர் காலம் கடைசிப் படிக்கட்டு. எனக்கு இதில் கோபமே உண்டு. ஒரே கல்லில் தூணும் யாளியும் அதன் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையும் செய்தவர்களைத் தேய்ந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? மேசைமேல் கிடக்கும் படத்தில் யாளிக்கு அளவு தெரியாது. அதன் கீழே உட்கார்ந்து சோறு தின்றவனுக்குத் தெரியும்.

டிரைப் எடுத்ததில் மிகப் பெரிய காரியம் என்று நான் நினைப்பது தஞ்சாவூரில் நடந்தது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்தார். கேமராவைச் சுவரை ஒட்டியே நகர்த்தி, ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு பொருந்துகிற மாதிரி எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். கிட்டத்தட்ட 19 அடி நீளம். கேமராவுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் கொஞ்சம் மாறினாலும் எழுத்தின் அளவு மாறிவிடும், வெயில் நகர்ந்தால் ஒரு துண்டு கறுத்து இன்னொன்று வெளுத்துவிடும். நான் டார்க் ரூமில் ஸ்கூல் குரூப் போட்டோவை இரண்டு துண்டாக ஒட்டியே திணறியிருக்கிறேன்.

அவர் அதை எடுத்தபோது அந்தக் கோயிலைக் கட்டியது யார் என்று ஆய்வாளர்களிடம் தெளிவான விடை இல்லை. தலபுராணம் கரிகாலன் என்றது. ராஜராஜன்தான் என்று கல்வெட்டுகளைப் படித்துக் கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ட்ஷ் உறுதி செய்தது 1886க்குப் பிறகு. "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" என்றும், "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்றும் அந்த மன்னன் சொல்லிவைத்தது அதே விமானத்தின் சுவர்களில்தான். படிக்கப்படுவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு முன்பே அந்த விமானத்தின் எழுத்துகள் வெள்ளி உப்பில் ஏறிவிட்டன. எத்தனை ஆடு, எத்தனை விளக்கு, எந்தத் தெருவில் யார் குடியிருந்தார்கள் என்று கோயிலுக்குள் இருந்த மனிதர்களின் பெயர்களை ராஜராஜன் வெட்டச் சொன்னான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கோயில் பணிக்கு இருந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும் வீட்டு எண்ணோடு பெயர் இருக்கிறது. தையான் என்று தையல்காரருக்கும் அங்கே பங்கு உண்டு. கேமரா விட்டதைக் கல் விடவில்லை.

1858இல் எடுத்த படங்களை டிரைப் ஊர்வாரியாகத் தொகுப்புகளாக வெளியிட்டார். அதே ஆண்டில் மெட்ராஸில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் எடுத்தார். அடுத்த ஆண்டு சார்லஸ் டிரெவெல்யன் ஆளுநராக வந்தார். கஜானா இருக்கிற நிலைமைக்கு இது ஆடம்பரம் என்று சொல்லிப் போட்டோப் பிரிவையே மூடிவிட்டார். அதற்குப் பிறகு டிரைப் போட்டோவை ஏறக்குறைய விட்டேவிட்டார். 1902இல் பிறந்த ஊரிலேயே இறந்தார். நாற்பது வயதுக்கு முன்னால் கையிலிருந்த வேலையைப் பிடுங்கிவிட்டார்கள். பிலிம் நின்றபோது எங்கள் ஸ்டுடியோவை மூடிய நாள் எனக்கு நினைவுக்கு வருகிறது, அதனால் அவர்மேல் எனக்குத் தனி வாஞ்சை உண்டு.

அவருக்கு உதவியாளராக இருந்தவர் ஐயாசாமி. அலெக்சாண்டர் ஹண்டர் மெட்ராஸில் தொடங்கிய கலைப் பள்ளியில் தேர்ந்தவர். பின்னாளில் அவரே படம் எடுத்தார். தாளுக்கு மெழுகு ஏற்றியது, பிரிண்ட் போட்டது, இதிலெல்லாம் நம்மவர் கை இருந்தது என்பது எனக்கு முக்கியம். 1860களின் கடைசியில் எட்மண்ட் லயன் என்ற இன்னொரு முன்னாள் ராணுவ அதிகாரி இதே கோயில்களைக் கண்ணாடியில் எடுத்தார். அவையும் நன்றாக இருக்கும்.

2014, 2015இல் டிரைப் படங்களுக்கு வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று ஊர்களில் கண்காட்சி நடந்தது. மதுரையில் நடக்கவில்லை. அந்தப் பிரிண்டுகளின் நல்ல நகல்களைப் புது மண்டபத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சுவரில் மாட்ட வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அசல் வேண்டாம், நகல் போதும். தூணைப் பார்த்து, படத்தைப் பார்த்து, மறுபடி தூணைப் பார்க்கிற மாதிரி.

2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதையடுத்துக் கோயிலைச் சுற்றியிருந்த கடைகளை அகற்றும் பேச்சு வந்து, புது மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு இடம் மாறின. சிற்பங்களுக்கு இது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தூணில் ஆணி அடித்த குடும்பத்துப் பிள்ளையாக இதைச் சொல்கிறேன். இப்போது மண்டபம் டிரைப் படத்தில் இருப்பது போலவே காலியாக இருக்கிறது. எங்கள் கடைத் தூணின் யாளியை நான் முழுசாகப் பார்த்துவிட்டேன். அதன் கால்கள் ஒரு யானையின் மேல் நிற்கின்றன. அப்பா அந்த யானைக்கு முன்னால் உட்கார்ந்துதான் இத்தனை வருஷம் தைத்திருக்கிறார்.

ஆனால் மண்டபத்தின் படம் என்று தேடினால் 1858இன் வெறுமை கிடைக்கிறது, இன்றைய வெறுமை கிடைக்கிறது. நடுவில் அங்கே பிழைத்த தலைமுறைகள் கிடைப்பதில்லை. ஸ்டுடியோவில் வேலை பார்த்த நானே அப்பாவை அவர் மெஷினோடு ஒரு படம் எடுத்து வைக்கவில்லை, யாரும் கடையைப் படம் எடுக்க மாட்டார்கள் அப்போது. எங்களிடம் இருப்பது ஒரு கல்யாணப் படத்தின் ஓரத்தில் விழுந்த கடைப் பலகை மட்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் புது மண்டபத்துக் கடை, அங்கே வேலை பார்த்தவர்கள், திருவிழாவுக்குத் துணி வாங்க வந்தபோது எடுத்த படம் எதுவாக இருந்தாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், ஒட்டிக்கொண்டிருந்தால் அப்படியே விடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேராக வைத்து மொபைலில் எடுத்தாலே போதும். படத்தின் பின்பக்கம் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது, அதை நான் ஸ்கேன் செய்து தருகிறேன். படத்தில் இருப்பவர் பெயர் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள், எந்தத் தூண், எந்தக் கடை என்பதோடு.